செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து வில்லா பார்க்குக்கு: ஒப்பந்தக் காலத்தில் எதிர்க் கழகத்துக்குச் சென்ற மேலாளர் பற்றிய நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2011 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் பர்மிங்காம் சிட்டி கால்பந்துக் கழகத்தின் மேலாளர் (அங்கே அணியைத் தேர்ந்து, பயிற்றுவித்து நடத்துபவர்), ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்த நிலையில், தமது பதவி விலகலைக் கழகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். ஐந்தாம் நாள், அதே நகரத்தின் மற்றொரு கழகமும் பர்மிங்காம் சிட்டியின் நூற்றாண்டுப் பகையாளியுமான ஆஸ்டன் வில்லா, அவரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மேலாளராக நியமித்தது. இந்த ஐந்து நாள்களையும், அவற்றுக்கு முந்தைய சூழலையும், பிந்தைய ஓராண்டையும் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களைப் பெயரால் அல்லாமல் பதவியாலேயே குறிப்பிடுகிறேன். ஆராயப்படுவது ஒருவருடைய குணம் அல்ல, ஒப்பந்தம் என்ற ஏற்பாடு இத்தகைய இடத்தில் எதைத் தாங்கியது, எதைத் தாங்கவில்லை என்பதுதான்.

பின்னணி

ஆஸ்டன் வில்லா 1874-லும் பர்மிங்காம் சிட்டி அதற்கு அடுத்த ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. இரண்டும் முதன்முதலில் மோதியது 1879-ல். வில்லாவின் மைதானமான வில்லா பார்க்குக்கும் பர்மிங்காம் சிட்டியின் மைதானமான செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டர்தான். 1982-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது உட்பட வில்லாவுக்குப் பெரிய வரலாறு உண்டு. பர்மிங்காம் சிட்டிக்கு அவ்வளவு இல்லை. அதன் முதல் பெரிய கோப்பை 1963-ல் வில்லாவைத் தோற்கடித்து வென்ற லீக் கோப்பை (லீக் ஆட்டங்களுக்கு வெளியே, தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் போட்டி) என்பதே இந்தப் பகையின் சுவையைச் சொல்லிவிடும். இரு கழகங்களுக்கிடையே மேலாளர் இடம் மாறியதும் புதிதன்று. 1982 பிப்ரவரியில் வில்லாவை விட்டு விலகிய மேலாளர் விரைவிலேயே பர்மிங்காம் சிட்டியில் பொறுப்பேற்றார். ஆனால் பர்மிங்காம் சிட்டியிலிருந்து நேராக வில்லாவுக்குச் சென்றவர் 2011 வரை யாரும் இல்லை.

நமது மேலாளர் பர்மிங்காமுக்கு வந்த விதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2007 நவம்பரில் பர்மிங்காமின் அப்போதைய மேலாளர் விகன் அத்லெட்டிக் என்ற மற்றொரு கழகத்துக்குச் சென்றார். விகன் இழப்பீடு கொடுத்தது. காலியான இடத்துக்குப் பர்மிங்காம் தேர்ந்தெடுத்தவர் ஸ்காட்லாந்து தேசிய அணியின் மேலாளர். அவரும் அப்போது ஒப்பந்தத்தில் இருந்தவர்தான். அவரை விடுவிக்கப் பர்மிங்காம் இழப்பீடு கொடுத்தது. ஆக, 2011-ல் தன்னைப் பாதிக்கப்பட்டவராகக் கண்ட கழகம், இந்த வழக்கத்தின் பயனையும் ஏற்கெனவே அனுபவித்திருந்தது.

அவருடைய மூன்றரை ஆண்டுப் பணியில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்தன. 2008-ல் அணி, நாட்டின் மேல் லீக்கான பிரீமியர் லீக்கில் கடைசி இடங்களில் முடித்ததால் அடுத்த நிலை லீக்குக்குக் கீழிறங்கியது, 2009-ல் மீண்டும் ஏறியது, 2010-ல் 9-ஆம் இடம் பிடித்தது. 2010 டிசம்பர் 1 அன்று லீக் கோப்பைக் காலிறுதியில் வில்லாவை 2-1 என்று வீழ்த்தியது. ஆட்டம் முடிந்தபின் இரு தரப்பு ரசிகர்களும் மைதானத்துக்குள்ளேயே மோதிக்கொள்ளும் நிலை வந்தது. 2011 பிப்ரவரி 27 அன்று இறுதியாட்டத்தில் ஆர்சனலை 2-1 என்று வென்று, 1963-க்குப் பிறகான முதல் பெரிய கோப்பையை அவர் கொண்டுவந்தார். மூன்று மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. மே 22 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் தோற்று, 39 புள்ளிகளுடன் 20 கழகங்களில் 18-ஆம் இடத்தில் முடித்து அணி மீண்டும் கீழிறங்கியது. 38 ஆட்டங்களில் அது அடித்த கோல்கள் 37. இந்த 37 என்ற எண் பின்னர் மீண்டும் வரும்.

அதே சமயம் வில்லா வேறொரு சிக்கலில் இருந்தது. முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில், பருவம் தொடங்க ஐந்து நாள்களே இருந்தபோது, அதன் மேலாளர் விலகியிருந்தார். அந்தப் பிணக்கு நடுவர் மன்றம் வரை சென்று 2011-ல் சமரசத்தில் முடிந்தது. அடுத்து வந்தவர் உடல்நலக் குறைவால் 2011 ஜூன் 1 அன்று விடைபெற்றார். ஒப்பந்தம் முறிவதன் சங்கடத்தை வில்லாவும் நேரடியாக அறிந்திருந்தது என்பதே இதன் பொருள்.

கவனிக்கப்பட்டவை

தரமிறக்கத்துக்குப் பிறகும் பர்மிங்காம் நிர்வாகம் மேலாளரை நீக்கவில்லை. அவரை வைத்தே மீண்டும் மேலேறுவது என்று இருந்தது. ஆனால் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்குவது ஒரு கழகத்தின் வரவு செலவையே மாற்றிவிடும். கீழிறங்கும் கழகங்களுக்கு அப்போது நான்கு ஆண்டுகளில் 4.8 கோடி பவுண்டு வரை உதவித்தொகை உண்டு. அது இழந்த தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு பகுதியை மட்டுமே ஈடு செய்யும். அந்தக் கோடையில் முன்னணி வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினார்கள். ஜூன் இறுதியில் கழகத்தின் உரிமையாளர் ஹாங்காங்கில் பணமோசடிக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். தாய் நிறுவனத்தின் பங்கு வர்த்தகமும் நிறுத்தப்பட்டது. இவை மேலாளர் விலகிய பிறகு நடந்தவை. ஆனாலும் அவர் விட்டுச் சென்ற வீடு எவ்வளவு உறுதியற்றதாக இருந்தது என்பதைக் காட்டுவதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

வில்லா முதலில் விகனின் மேலாளரை அணுகியது. அவர் தமது கழகத்திலேயே இருக்க முடிவு செய்தார். ஜூன் இரண்டாம் வாரத்தில் வில்லாவின் இடம் இன்னும் காலியாகவே இருந்தது. ஜூன் 12 அன்று அந்த மின்னஞ்சல் வந்தது.

லீக் விதிகள் இந்த விஷயத்தில் தெளிவானவை. ஒப்பந்தத்தில் இருக்கும் மேலாளரை, அவருடைய கழகத்தின் அனுமதியின்றி வேறொரு கழகம் அணுகக்கூடாது. ஆனால் விலகிவிட்டவர் இன்னும் ஒப்பந்தத்தில் இருக்கிறாரா? விலகல் முதலில் வந்ததா, அழைப்பு முதலில் வந்ததா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் இத்தகைய பிணக்குகள் எல்லாம் பிறக்கின்றன. பர்மிங்காம், வில்லா விதியை மீறி அணுகியது என்று பிரீமியர் லீக்கிடம் புகார் செய்தது.

ரசிகர்கள் கழகங்களைவிட வேகமாக முடிவெடுத்தார்கள். நியமனம் அறிவிக்கப்படுமுன்பே வில்லா பார்க் வாசலில் நூற்றுக்கணக்கான வில்லா ரசிகர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பயிற்சி மைதானத்தின் சுவர்களில் வசைகள் எழுதப்பட்டன. கோபப்பட்டிருக்க வேண்டியவர்கள் மேலாளரை இழந்த பர்மிங்காம் ரசிகர்கள் அல்லவா என்று தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். அவர்களும் கோபப்பட்டார்கள், ஆனால் இரண்டு முறை தங்களைக் கீழே இறக்கியவர் போகிறார் என்ற ஆறுதலும் அவர்களில் பலருக்கு இருந்தது. வில்லா ரசிகர்களுக்கோ அந்த ஆறுதலுக்கும் இடமில்லை. அயல்வீட்டில் தோற்றவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததாகவே அவர்கள் அதைக் கண்டார்கள்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பர்மிங்காமின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் செல்வது. மற்றது, இழப்பீடு பேசி விடுவிப்பது. முதல் வழிக்கு முன்னுதாரணம் இருந்தது, அதுவும் இதே கழகம் சம்பந்தப்பட்டது.

2001 நவம்பரில் கிரிஸ்டல் பேலஸ் கழகம் இரண்டாம் நிலை லீக்கில் முன்னணியில் இருந்தபோது, பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த அதன் மேலாளர், அதே லீக்கில் ஆடிய பர்மிங்காம் சிட்டிக்குச் செல்ல விரும்பினார். பேலஸின் தலைவர் விடவில்லை. ஊதியம் கொடுத்துக்கொண்டே ஒருவரை வேலைக்கு வராமல் வீட்டில் இருத்துவதை ஆங்கிலேயர் 'தோட்ட விடுப்பு' என்பார்கள். வேறிடத்தில் சேர முடியாதபடி அறிவிப்புக் காலம் முழுவதும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கட்டும் என்ற பொருளில். அந்த அடிப்படையில் பேலஸ் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சில வாரங்கள் கழித்து இழப்பீடு பேசி முடிக்கப்பட்டு, டிசம்பரில் அவர் பர்மிங்காமில் சேர்ந்தார். இடைப்பட்ட நாள்களில், பர்மிங்காம் முன்பு விடுவித்த மேலாளரைப் பேலஸ் தன் மேலாளராக நியமித்துக்கொண்டது. 2002 மே மாதம் பர்மிங்காம் பிரீமியர் லீக்குக்கு ஏறியது; பேலஸ் ஏறவில்லை.

அந்த வழக்கு காட்டியது இதுதான்: ஆங்கிலச் சட்டம் ஒருவரை அவர் விரும்பாத முதலாளியிடம் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தாது, ஆனால் போட்டி நிறுவனத்தில் சேர்வதைச் சிறிது காலம் தடுக்கும். 1852-ல் லண்டன் ஓப்ரா அரங்கு ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துவிட்டுப் போட்டி அரங்கில் பாடப் புறப்பட்ட பாடகியின் வழக்கிலேயே இந்த வேறுபாடு வகுக்கப்பட்டுவிட்டது. பாடு என்று உத்தரவிட முடியாது. அங்கே பாடாதே என்று உத்தரவிடலாம்.

2011-ல் பர்மிங்காம் ஏன் அந்த வழியில் செல்லவில்லை? காரணங்களை ஊகிப்பது கடினமன்று. பேலஸும் பர்மிங்காமும் 2001-ல் ஒரே லீக்கில், ஒரே இலக்குக்காக, நேருக்கு நேர் போட்டியிட்டன. ஒருவருடைய அணித் திட்டமும் ஆட்டக்காரர்களைப் பற்றிய அறிவும் போட்டியாளர் கைக்குப் போவதால் விளையும் நட்டத்தை நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது. 2011 ஜூனில் பர்மிங்காம் கீழ் லீக்கிலும் வில்லா மேல் லீக்கிலும் இருந்தன. வரும் பருவத்தில் லீக் ஆட்டத்தில் அவை சந்திக்கப்போவதே இல்லை. நகரத்தின் கண்ணில் அவை பரம விரோதிகள், சட்டத்தின் கண்ணில் அந்த ஆண்டு போட்டியாளர்களே அல்லர். தவிர, பணத்துக்குத் தட்டுப்பாடான நேரத்தில், போக விரும்பும் ஒருவருக்கு ஊதியம் கொடுத்து வீட்டில் உட்கார வைப்பதைவிட, அந்த ஒப்பந்தத்தை விலையாக மாற்றிக்கொள்வதே அக்கழகத்துக்குப் பயன்பட்டது. ஜூன் 17 அன்று இழப்பீட்டில் உடன்பாடு ஏற்பட்டது, பிணக்கு முடிந்தது.

வில்லாவின் முடிவைப் புரிந்துகொள்வது சற்றுக் கடினம். அனுபவம் உள்ளவர், இங்கிலாந்து லீக்கை அறிந்தவர், ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸுடன் பட்டங்கள் வென்றவர், மூன்று மாதங்களுக்கு முன் கோப்பை வென்றவர் என்பது நிர்வாகத்தின் பக்கத்தில் இருந்த நியாயம். செலவைக் குறைத்து நிலையாக நிற்க வேண்டும் என்று கருதிய கழகத்துக்கு, குறைந்த வளத்தில் தற்காப்பை ஒழுங்குபடுத்தும் ஒருவர் பொருத்தமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் எதிர்ப்பு, நியமனத்துக்கு முன்பே வாசலில் நின்றிருந்தது. அதை எதிர்பாராத விளைவு என்று சொல்ல வழியில்லை. இரைச்சல் சில வெற்றிகளில் அடங்கிவிடும் என்று நிர்வாகம் கணக்கிட்டது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

தொடர்ந்து நடந்தவை

அந்தக் கோடையில் வில்லா தன் இரு விங்கர்களையும் (மைதானத்தின் ஓரங்களில் தாக்கி ஆடுபவர்கள்), ஒருவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் மற்றவரை லிவர்பூலுக்கும், விற்றது. தாக்குதலின் இரு கைகளும் போன அணியை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தற்காப்பு மேலாளர் என்று பெயர் வாங்கியவர், அவரை விரும்பாத ரசிகர்களின் முன் பருவத்தைத் தொடங்கினார்.

தொடக்கம் மோசமாக இல்லை. முதல் ஏழு லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஆனால் அவற்றில் ஐந்து சமநிலை. வேறொரு மேலாளருக்கு இந்த ஏழு ஆட்டங்கள் பொறுமைக்கான கடனை வாங்கிக் கொடுத்திருக்கும். இவருக்கு அது கிடைக்கவில்லை. கோல் இல்லாத ஒவ்வொரு சமநிலையும் 'நாங்கள் சொன்னது இதைத்தான்' என்பதற்குச் சான்றாகவே அரங்கில் வாசிக்கப்பட்டது. டிசம்பர் 31 அன்று செல்சியை அதன் மைதானத்திலேயே 3-1 என்று வென்றது அந்தப் பருவத்தின் உச்சம். அதன் பிறகு துன்பங்கள் சேர்ந்து வந்தன. முன்னணி கோல்காரர் காயத்தால் வெளியேறினார். மார்ச் இறுதியில் அணித் தலைவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. இவற்றுக்கு எந்த மேலாளரும் பொறுப்பல்லர் என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். மார்ச் 10 அன்று ஃபுல்ஹாமை 1-0 என்று வென்றபின் கடைசிப் பத்து லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை.

முடிவில் வில்லா 16-ஆம் இடம்; 7 வெற்றி, 17 சமநிலை, 14 தோல்வி, 38 புள்ளிகள். கீழிறங்கிய போல்டனைவிட இரண்டு புள்ளிகள்தான் கூடுதல். வில்லா பார்க்கில் பருவம் முழுவதும் நான்கே வெற்றிகள். அடித்த கோல்கள் 37. முந்தைய ஆண்டு பர்மிங்காமில் அடித்த அதே எண்ணிக்கை. முந்தைய பருவத்தில் 37,000-க்கு மேல் இருந்த வில்லா பார்க்கின் சராசரி வருகை 34,000-க்குக் கீழ் இறங்கியது. 2012 மே 13 அன்று நார்விச்சில் 2-0 என்று தோற்ற மறுநாளே, ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருக்க, அவர் நீக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகள் மீதமிருந்த ஒப்பந்தத்தை அவர் முறித்து வந்தார். இரண்டு ஆண்டுகள் மீதமிருந்த ஒப்பந்தத்தை அவருக்கு எதிராகக் கழகம் முறித்தது. மேலாளர்களின் விசுவாசமின்மையைப் பற்றிப் பேசும்போது, ஒப்பந்தத்தைக் கழகங்கள் எத்தனை எளிதாக முடித்துக்கொள்கின்றன என்பதையும் அதே பக்கத்தில் எழுதுவதே முறை.

பர்மிங்காம் ஜூன் 22 அன்றே புதிய மேலாளரை நியமித்திருந்தது. பாதி அணி கலைந்த நிலையிலும், லீக் கோப்பை வென்றதால் இடம் கிடைத்த யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியக் கழகப் போட்டியின் குழுச் சுற்றில் 10 புள்ளிகள் எடுத்து, சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் நிலை லீக்கில் 4-ஆம் இடம் பிடித்து, மேல் லீக்குக்கு ஏறுவதற்கான தகுதிச் சுற்றின் அரையிறுதியில் பிளாக்பூலிடம் அது தோற்றது. மேலாளர் போனதால் பர்மிங்காம் நலிந்தது என்று இந்த விவரங்களைக் கொண்டு சொல்ல முடியாது. இழப்பீடும் வாங்கி, அவரைவிடப் பொருத்தமானவரையும் பெற்றது என்பதே சரியாக இருக்கும்.

மாற்ற வேண்டியவை

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, தரமிறக்கம் நிகழ்ந்தால் என்ன என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். வீரர்களின் ஒப்பந்தங்களில் கீழிறங்கினால் ஊதியம் குறையும், குறிப்பிட்ட தொகைக்கு விடுவிக்கப்படலாம் என்ற விதிகள் சாதாரணம். மேலாளருக்கும் அப்படி ஒரு தொகையும், விலகலுக்கான அறிவிப்புக் காலமும் தெளிவாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சலுக்கும் லீக்கிடம் புகாருக்கும் தேவை குறையும். அதோடு, மே 22-க்கும் ஜூன் 12-க்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில், அடுத்த பருவத்துக்கு எவ்வளவு பணம், எந்த வீரர்கள் விற்கப்படுவார்கள் என்பதை மேலாளரோடு உட்கார்ந்து பேசி எழுத்தில் முடிப்பது, அவரைத் தக்க வைக்க விரும்பும் நிர்வாகம் செய்ய வேண்டிய முதல் வேலை.

சேர்க்கும் கழகத்துக்கு நான் சொல்வது வேறு. இழப்பீட்டுத் தொகை என்பது விட்டுக்கொடுக்கும் கழகத்துக்கான விலை மட்டுமே. பகைக் கழகத்திலிருந்து ஒருவரை எடுக்கும்போது, எடுக்கும் கழகம் தன் ரசிகர்களிடமும் ஒரு விலை கொடுக்கிறது; அது எந்த உடன்பாட்டிலும் இடம்பெறாது, இருக்கைகளில்தான் தெரியவரும். வில்லா அந்த நியமனத்தைச் செய்தே தீரவேண்டும் என்று கருதியிருந்தால், அந்தக் கோடையிலாவது இரு விங்கர்களையும் ஒருசேர விற்காமல் இருந்திருக்கலாம். ரசிகர்கள் அஞ்சிய ஆட்டப் போக்கை, அந்த விற்பனை வேறு வழியில்லாததாக ஆக்கிவிட்டது. பகையும் பலவீனமும் ஒரே பருவத்தில் சேர்ந்ததைத்தான் நான் பெரிய தவறாகக் காண்கிறேன். பகை மட்டுமே இருந்திருந்தால் செல்சியில் பெற்றதைப் போன்ற இன்னும் நான்கு வெற்றிகள் அதை ஆற்றியிருக்கக்கூடும்.

மேலாளரின் இடத்தில் இருப்பவருக்கு அறிவுரை சொல்ல நான் தயங்குகிறேன். வருமானம் சரியும் கழகத்தை விட்டு மேல் லீக்கில் வந்த வாய்ப்பை எடுத்தார். மற்ற எந்தத் தொழிலிலும் இதை யாரும் குற்றமாகக் கொள்ள மாட்டார்கள். விலகலை நேரில் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் உண்மை.

ஓராண்டு கழித்து

2012 ஜூனில் வில்லா அடுத்த மேலாளரைத் தேடியபோது கண் வைத்தது, மே 13 அன்று தன்னை 2-0 என்று தோற்கடித்த நார்விச்சின் மேலாளர்மீது. நார்விச் அனுமதி மறுத்தது. அவர் பதவி விலகினார். விலகலை ஏற்கமாட்டோம் என்றது நார்விச். ஜூன் தொடக்கத்திலேயே வில்லா அவரை நியமித்தது. 2009 ஆகஸ்ட்டில் அவர் நார்விச்சுக்கு வந்த விதமும் இதுவேதான்: கோல்செஸ்டர் மேலாளராக நார்விச்சை அதன் மைதானத்திலேயே 7-1 என்று வென்ற சில நாள்களில், கோல்செஸ்டரை விட்டு நார்விச்சில் சேர்ந்தவர் அவர். ஒப்பந்தம் முறிந்த முறையில் 2011-க்கும் 2012-க்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இம்முறை வில்லா பார்க் வாசலில் கூட்டம் கூடவில்லை, சுவரில் யாரும் எதுவும் எழுதவில்லை. நார்விச் பர்மிங்காமிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

நார்விச் தன் காலியிடத்துக்கு, இழப்பீடு பேசி முடித்து, பர்மிங்காம் சிட்டியின் மேலாளரை எடுத்துக்கொண்டது. 2012 ஜூன் இறுதியில் பர்மிங்காம் மீண்டும் ஒரு புதிய மேலாளரை நியமித்தது. ஓராண்டும் சில நாள்களும் ஆன காலத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் பொறுப்பு வகித்த மூன்றாமவர் அவர்.